மந்திரவாதிக்குப் பக்கத்து வீடு: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டுகளைப் பற்றி எழுதியிருந்தேன். மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், திருடன், பூசாரி, மந்திரவாதி என்று ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். நினைத்தது நடந்ததா என்பதைப் பகடை சொல்லும். கணினியில் ஆடும் ‘ஆர்பிஜி’ எனப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுகளும் இந்த மேசையிலிருந்து பிறந்தவைதான். அந்தக் கட்டுரைக்குப் பெங்களூரின் பல மூலைகளிலிருந்து வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால், வீரனைப் பற்றியோ திருடனைப் பற்றியோ கேட்டவர் எவருமில்லை. எல்லோருக்கும் மந்திரவாதியின் மேல்தான் கண். ஆகவே இந்த இதழ் முழுவதும் அவருக்கே. வழக்கம்போல, கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் ஞாயிறுதோறும் நண்பர்களுடன், யாரோ கொடுத்த பழைய விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ ஆடுகிறான். எப்போதும் மந்திரவாதிதான். முதல் அரை மணி நேரத்திலேயே செத்துப் போகிறான். கேட்டால், “பத்தாவது லெவல் வரட்டும், அப்புறம் பாருங்கப்பா” என்கிறான். ஒரே பாத்திரம் இவ்வளவு நோஞ்சானாகவும் இவ்வளவு வல்லமை உள்ளதாகவும் இருப்பது என்ன நியாயம்?
— ஒரு தந்தை, அல்சூர்

உங்கள் மகனின் கணக்கு சரியானதுதான்; அந்தக் கணக்கு பலிக்கும் வரை உயிரோடு இருப்பதுதான் அவருக்குக் கைவரவில்லை.

இந்தப் பாத்திரம் பிறந்த இடத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கும். 1971-இல் அமெரிக்காவில் ‘செயின்மெயில்’ என்ற பெயரில், பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் போர் நடத்துவதற்கான விதிநூல் ஒன்று வெளியானது. அதன் பின்னிணைப்பில் மந்திரவாதி வருகிறார். அவர் எறியும் நெருப்புப் பந்து பெரிய கல்லெறி பொறியின் வீச்சுக்கும், அவர் விடும் மின்னல் பெரிய பீரங்கியின் வீச்சுக்கும் சமமாக அளக்கப்பட்டிருந்தன. அதாவது, முதல் மந்திரவாதி தாடி வைத்த ஒரு பீரங்கிதான். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸை வெளியிட்டபோது, அந்தப் பீரங்கிக்கு உயிரும் வயதும் பெயரும் கொடுத்து, மூன்று நான்கு நண்பர்களோடு குகைக்குள் அனுப்பிவைத்தார்கள். பீரங்கியை இலவசமாகக் கொடுக்க முடியுமா? ஆகவே அதற்கு ஒரு முன்பணம் வைத்தார்கள்.

முன்பணம் கடுமையானது. 1978-ஆம் ஆண்டு விதிநூலின்படி, வீரனின் உயிர்ப்புள்ளிகளைப் பத்து முகப் பகடை தீர்மானிக்கும். மந்திரவாதிக்கு நான்கு முகப் பகடை. கவசம் கூடாது. முதல் லெவலில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். பகடையில் ஒன்று விழுந்தால் ஒரே புள்ளி உயிரோடு ஊர் சுற்ற வேண்டியதுதான். வீட்டுப் பூனை கீறினாலே மந்திரவாதி காலி என்பது அந்தக் காலத்து ஆட்டக்காரர்களின் கேலி. அடுத்த லெவலுக்கு ஏற வீரனுக்கு 2000 அனுபவப் புள்ளிகள் போதும்; மந்திரவாதிக்கு 2500 வேண்டும். இத்தனையையும் கடந்து ஐந்தாவது லெவலுக்கு வந்தவுடன் ‘ஃபயர்பால்’ கைக்கு வருகிறது: இருபதடி ஆரத்துக்குள் நிற்கும் அத்தனை பேருக்கும், லெவலுக்கு ஓர் ஆறு முகப் பகடை வீதம் சேதம். பத்தாவது லெவலில் பத்துப் பகடை, சராசரியாக 35 புள்ளிகள். வீரன் அப்போதும் ஒவ்வோர் ஆளாகத்தான் வெட்டிக்கொண்டிருப்பான். வீரன் கூட்டல் கணக்கில் வளர்கிறான், மந்திரவாதி பெருக்கல் கணக்கில் வளர்கிறார்.

ஆக, ஆரம்பத்து நோஞ்சான்தனம் பின்னால் வரப்போகும் வல்லமையின் விலை. கீழே வரும் பதில்களிலும் இந்த ‘விலை’ என்ற சொல்லை நான் விடப் போவதில்லை. மந்திரத்துக்கு விலை உண்டா, உண்டென்றால் அதைக் கட்டுவது மந்திரவாதியா அல்லது அவருக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பவரா என்று கேட்டுப் பார்த்தால், இந்த விளையாட்டுகளில் மந்திரவாதியைக் கண்டு ஊர் ஏன் நடுங்குகிறது என்பதற்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடுகிறது.

உங்கள் மகனிடம் ஒரு வார்த்தை: ‘ஸ்லீப்’ என்ற தூக்க மந்திரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் லெவலில் அதைவிட நல்ல ஆயுதம் இல்லை.

எந்த விளையாட்டாக இருந்தாலும் எதிரிகள் என் மந்திரவாதியையே முதலில் குறிவைக்கிறார்கள். ஏன்?
— கல்லூரி மாணவர், ராமமூர்த்தி நகர்

நீங்கள் எதிரியாக இருந்தால் யாரைக் குறிவைப்பீர்கள்? 1989-இல் வந்த ‘ஷேடோரன்’ விளையாட்டில் இது பழமொழியாகவே ஆகிவிட்டது: முதலில் மந்திரவாதியைத் தீர்த்துக்கட்டு, மற்றதைப் பிறகு பேசலாம். அங்கே ஒவ்வொரு மந்திரமும் சொன்னவரின் உடம்பையே பிழிந்தெடுக்கும். எதிரிகளுக்கு அந்த நியாயமெல்லாம் தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. சுவருக்குப் பின்னால் நில்லுங்கள்.

மந்திரத்தை ஒருமுறை சொன்னால் அது மறந்துபோகும், மறுநாள் மறுபடி மனப்பாடம் செய்ய வேண்டும் என்ற பழைய விதி அபத்தமாக இல்லையா? பதினாறாம் வாய்ப்பாட்டை ஒருமுறை ஒப்பித்துவிட்டால் மறந்தா போகிறது?
— கணக்காளர், மல்லேஸ்வரம்

வாய்ப்பாட்டை நினைத்தால் அபத்தம்தான். அம்பறாத்தூணியை நினைத்துப் பாருங்கள்; எய்த அம்பு தூணியில் இருக்காது.

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸின் இந்த விதி, ஜாக் வான்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1950-இல் வெளியிட்ட ஒரு கதைத் தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. அக்கதைகளில் மந்திரம் என்பது மனத்துக்குள் ஏற்றிவைக்கும் பெரும் பாரம். எவ்வளவு தேர்ந்தவரானாலும் ஒரு நேரத்தில் சிலவற்றைத்தான் சுமக்க முடியும். உச்சரித்த கணமே அது மனத்தை விட்டுப் போய்விடும். நமக்கு இது அவ்வளவு அந்நியமான எண்ணமும் அல்ல. பரசுராமரிடம் பொய் சொல்லி வித்தை கற்ற கர்ணனுக்கு, மிகவும் தேவைப்படும் வேளையில் மந்திரம் நினைவுக்கு வராது என்றுதானே சாபம்? அஸ்வத்தாமனுக்கு அஸ்திரத்தை ஏவத் தெரிந்தது, திரும்பப் பெறத் தெரியவில்லை. பாட்டி சொல்லக் கேட்ட கதைகளில் ஆயுதமும் நினைவும் ஒன்றாகவே பிணைந்து கிடந்தன.

பழைய விதிகளில் இன்னொன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ‘ஹேஸ்ட்’ என்ற மந்திரம் ஒருவரை இரு மடங்கு வேகத்தில் இயங்க வைக்கும்; அதற்கு ஈடாக அவருக்கு ஒரு வயது கூடிவிடும். கவனியுங்கள், வயது கூடுவது மந்திரம் சொன்னவருக்கு அல்ல. அவர் யார் மீது அதை ஏவினாரோ அந்த நண்பருக்கு! ஐந்து சண்டைகளில் உதவி செய்து, தோழனுக்கு ஐந்து வயதைக் கூட்டிவிட்ட மந்திரவாதியை எத்தனை பேர் நண்பனாக வைத்துக்கொள்வார்கள்?

பிற்காலப் பதிப்புகள் இந்த விலைகளை ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்தன. 2008-இல் வந்த நான்காம் பதிப்பு, வீரன், திருடன், மந்திரவாதி எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்த ஆற்றல்களைக் கொடுத்து ஏற்றத்தாழ்வைப் போக்கியது. துணிச்சலான முயற்சிதான், ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்தது போல இருந்ததென்று எனக்குப் படுகிறது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் சிறு மந்திரங்களை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். பெரியவற்றுக்கு மட்டும்தான் அன்றாட வரம்பு. ஒரு நல்ல கடிவாளமும் அதில் உண்டு: தொடர்ந்து மனத்தை ஒருமுகப்படுத்தினால்தான் நிலைக்கும் மந்திரங்களில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்துவைத்திருக்க முடியும்; இடையே அடி விழுந்தால், பத்து அல்லது பட்ட சேதத்தில் பாதி, இவற்றில் எது பெரிதோ அந்த எண்ணைப் பகடையில் எட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் மந்திரம் கலைந்துவிடும். பீரங்கியின் முன்பணம் வெகுவாகக் குறைந்துவிட்டது என்பது மட்டும் உண்மை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான், மந்திரவாதியைக் கண்டு உலகம் அஞ்சும் கதைகள் விதிகளுக்கு வெளியே பெருகினவோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.

கணினியில் ‘டிராகன் ஏஜ்’ ஆடுகிறேன். மந்திர ஆற்றலோடு பிறக்கும் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கோபுரத்தில் அடைக்கிறார்கள். பார்க்கவே எனக்குக் கோபம் வருகிறது. என் மனைவியோ, “வெளியே விட்டால் ஊரே எரியும், அடைப்பதுதான் சரி” என்கிறார். யார் சொல்வது சரி?
— மென்பொருள் பொறியாளர், ஒயிட்ஃபீல்டு

இந்தச் சண்டை உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. பயோவேர் நிறுவனம் 2009-இல் முதல் பாகத்தை வெளியிட்ட நாளிலிருந்து நடந்துகொண்டிருக்கிறது. ஆடாதவர்களுக்காகச் சூழலைச் சொல்லிவிடுகிறேன். அந்த உலகத்தில் உறங்குபவர்களின் மனம் ‘ஃபேட்’ என்ற கனவுவெளிக்குப் போகும். மந்திரவாதிகள் தங்கள் ஆற்றலைப் பெறுவதும் அங்கிருந்துதான். அங்கே குடியிருக்கும் பேய்களுக்கு இந்த உலகத்துக்கு வர ஒரு கதவு வேண்டும். மந்திரவாதியின் உடம்பே அந்தக் கதவு. ஆகவே சமய அமைப்பான ‘சாண்ட்ரி’, மந்திரம் வெளிப்பட்ட பிள்ளைகளைச் ‘சர்க்கிள்’ எனப்படும் கோபுரங்களுக்குக் கொண்டுபோய் வைக்கிறது. காவலுக்கு ‘டெம்ப்ளர்’ வீரர்கள். தப்பியோடினால் தேடிப் பிடிக்க ஒவ்வொருவரின் ரத்தத்தையும் குப்பியில் எடுத்து வைத்திருப்பார்கள். படிப்பு முடியும் தறுவாயில் ஒரு சோதனை: மாணவரை ஃபேடுக்குள் அனுப்பி ஒரு பேயை எதிர்கொள்ள விடுவார்கள்; தோற்றால் வெட்டுவதற்குச் சுற்றிலும் டெம்ப்ளர்கள் உருவிய வாளோடு நிற்பார்கள். அந்தச் சோதனை வேண்டாமென்றால், கனவையும் உணர்ச்சியையும் துண்டித்து ‘டிராங்குவில்’ ஆக்கிவிடுவார்கள்; அதன் பிறகு அவர் யாருக்கும் அபாயம் இல்லாதவர், எதற்கும் அழாதவர், சிரிக்காதவர்.

இப்போது ரெட்கிளிஃப் கோட்டைக்கு வாருங்கள். பிரபுவின் சிறு மகனுக்கு மந்திரம் வெளிப்படுகிறது. பிள்ளையைச் சர்க்கிளுக்குக் கொடுக்க மனமில்லாத தாய், செய்தியை மறைத்து, தப்பியோடி வந்த ஒரு மந்திரவாதியை இரகசியமாக வைத்துப் பாடம் சொல்ல ஏற்பாடு செய்கிறாள். தந்தை நோயில் விழுகிறார். அவரைக் காப்பாற்றத் துடித்த அந்தப் பையன், கனவில் வந்த பேயோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறான். அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் கோட்டையிலிருந்து பிணங்கள் இறங்கி வந்து கீழேயுள்ள கிராமத்தைத் தாக்குகின்றன. இதை உங்கள் மனைவி தம் கட்சிக்குச் சான்றாகச் சொல்வார். முறையாகக் கோபுரத்துக்கு அனுப்பியிருந்தால் ஒரு கிராமம் பிழைத்திருக்கும். நீங்களும் இதையே உங்கள் கட்சிக்குச் சொல்லலாம். கோபுரம் அவ்வளவு கொடியதாக இல்லாதிருந்தால் அந்தத் தாய் எதற்காக மறைத்திருப்பாள்? எந்த அபாயத்தை அஞ்சிக் கோபுரத்தைக் கட்டினார்களோ, அந்த அபாயத்தைக் கோபுரத்தின் மேலிருந்த அச்சமே வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. இந்த ஒரு கிளைக்கதைக்காகவே அந்த விளையாட்டை எழுதியவர்களைப் பாராட்டலாம்.

அதே உலகத்தில் வேறு விடைகளும் உண்டு. டெவிண்டர் பேரரசில் மந்திரவாதிகளே ஆளுகிறார்கள். அங்கே விலையைக் கட்டுபவர்கள் அடிமைகள், கட்டும் நாணயம் அவர்களின் ரத்தம். குனாரி என்ற மக்களிடம் மந்திரவாதி, கழுத்துப்பட்டையும் முகமூடியும் பூட்டிய, வாய் தைக்கப்பட்ட ஓர் ஆயுதம். காட்டில் அலையும் டேலிஷ் குலங்களிலோ மந்திரம் அறிந்தவரே குலத்தின் மூத்தவர், பழங்கதைகளின் காப்பாளர். இவற்றில் எதுவும் விலையே இல்லாத ஏற்பாடு அல்ல. ரசீதில் எழுதியிருக்கும் பெயர்தான் மாறுகிறது. 2011-இல் வந்த இரண்டாம் பாகத்தை இன்னும் ஆடாதவர்கள் அடுத்த வாக்கியத்தைத் தாண்டிவிடுங்கள். கர்க்வால் நகரத்தில், உங்களோடு பல ஆண்டுகள் சேர்ந்து சுற்றி, ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்த ஒரு மந்திரவாதியே, சமரசத்துக்கு இனி வழியில்லாமல் செய்ய வேண்டும் என்று சாண்ட்ரி கட்டடத்தை உள்ளே இருந்தவர்களோடு தகர்த்துவிடுகிறார்.

ஆனால் எனக்கு ஒரு பெரிய மனக்குறை இருக்கிறது. கதை இத்தனை அச்சத்தைப் பேசுகிறது. நீங்கள் ஆடும் மந்திரவாதியோ ஒரு நாளில் நூறு முறை நெருப்பை அள்ளி வீசினாலும், சண்டையின் நடுவே ஒரு பேய்கூட அவர் காதில் வந்து பேசுவதில்லை. முதல் பாகத்தில், விலக்கப்பட்ட ரத்த மந்திரத்தை டெம்ப்ளரின் மூக்குக்கு முன்னாலேயே செய்தாலும் அவர் இமைப்பதில்லை. ஊர்க்காரர்கள் அஞ்சுகிறார்கள் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. அஞ்சுவதற்கான காரணத்தை நம் கை ஒருபோதும் உணர்வதில்லை. இதற்கு நேர்மாறானது ‘வார்ஹாமர்’ மேசை விளையாட்டு. அதன் 2005-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில், மந்திரத்துக்காக உருட்டும் பத்து முகப் பகடைகளில் ஒரே எண் இரண்டு முறை விழுந்தால் சாபம் இறங்கும். அக்கம்பக்கத்தில் பால் திரிந்துபோவது போன்ற சில்லறைத் தொல்லையிலிருந்து, பேயே எதிரில் வந்து நிற்பது வரை எதுவும் நடக்கலாம். கூடுதல் வலிமை வேண்டுமென்றால் கூடுதல் பகடை. கூடுதல் பகடை என்றால் இரட்டை எண் விழும் வாய்ப்பும் கூடுதல். அங்கே கிராமத்தார் மந்திரவாதியைக் கண்டு கதவைச் சாத்தினால், ஆடுபவருக்கே அது நியாயமாகப் படும். நேற்றுப் பால் திரிந்தது யாரால் என்று அவருக்குத் தெரியும்.

ஆகவே கதையின்படி உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. விதியின்படி பார்த்தால் நீங்கள் சொல்வதே சரி. வீட்டில் இதை எப்படிச் சொல்வதென்பது உங்கள் சாமர்த்தியம்.

‘மேஜ்’, ‘விஸார்ட்’ என்பவற்றுக்கு ‘மந்திரவாதி’ என்று எழுதுகிறீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் மண்டையோடும் எலுமிச்சம்பழமும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘சித்தர்’ என்று எழுதினால் என்ன?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஜீவன்பீமா நகர்

ஐயா, மண்டையோடும் எலுமிச்சம்பழமும் நினைவுக்கு வருகின்றன என்பதற்காகவே அந்தச் சொல்லை வைத்திருக்கிறேன். அச்சம் அந்தச் சொல்லிலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

தங்களுக்குத் தெரியாததல்ல, நிறைமொழி மாந்தர் ஆணையிட்டுக் கிளக்கும் மறைமொழியே மந்திரம் என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. அங்கே ஆற்றல் சொல்லில் மட்டும் இல்லை, சொல்பவரின் நிறைவில் இருக்கிறது. மேலை விளையாட்டுகளின் விஸார்டோ புத்தகத்தைத் திறந்து படித்து வித்தை பெறுகிறவர். குணம் கெட்டவராக இருந்தாலும் ஃபயர்பால் வெடிக்கத்தான் செய்யும். நம் மரபில் ஆற்றல் சேர்வது அடக்கத்தால், கரைவது கோபத்தால். விசுவாமித்திரர் எத்தனை முறை தவத்தைச் சேர்த்து, எத்தனை முறை சினத்தாலும் ஆசையாலும் அதைச் செலவழித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்! ஒரு நல்ல விதியமைப்பாளருக்கு அதிலேயே முழு விளையாட்டும் இருக்கிறது.

நம் மரபில் அஞ்சுதலுக்கும் மதித்தலுக்கும் இடையே சுவர் இல்லை என்பதும் வேறுபாடு. ‘ஏந்திய கொள்கையார் சீறின் இடைமுரிந்து வேந்தனும் வேந்து கெடும்’ என்று குறள் சொல்லும்போது, அது கோபுரத்தில் அடைக்க வேண்டிய ஆளைப் பற்றிப் பேசவில்லை. பிழை செய்யாமல் விலகி நடக்க வேண்டிய பெரியவரைப் பற்றிப் பேசுகிறது. அந்தப் பெரியவருக்கும் எல்லை உண்டு என்பதற்குக் கொங்கணவர் கதை போதும். எச்சமிட்ட கொக்கைப் பார்வையாலேயே எரித்த அவர், பிச்சை தரத் தாமதித்த வாசுகியையும் அதே பார்வை பார்க்க, “கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா?” என்ற ஒரே கேள்வியில் அடங்கிப் போனார். பகடைக் கணக்கில் சொன்னால், எதிராளியின் மந்திரத்தைத் தடுக்க உருட்டும் பகடையில் வாசுகி வென்றார். அல்சூர் ஏரிக்கரையில், 2009-இல் திரை விலக்கப்பட்ட வள்ளுவர் சிலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மையாரின் நினைவுதான் முதலில் வருகிறது.

ஆகவே, தவத்தால் ஆற்றல் பெறுபவரைச் சித்தர் என்றும், ஏட்டால் பெறுபவரை மந்திரவாதி என்றும் எழுதலாமே என்பது என் எண்ணம். மேசையில் எங்கள் பிள்ளைகள் எல்லோரையும் ‘மேஜ்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், அதையும் மறைப்பதற்கில்லை.

என் பேரன் விளையாடும்போது ஏதேதோ மந்திரங்களைச் சொல்கிறான். நிஜமான மந்திரமாக இருந்து ஏதும் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு பாட்டி, சிவாஜி நகர்

அம்மா, கவலைப்படாதீர்கள். ஃபயர்பால் மந்திரத்துக்குத் தேவையான பொருள்கள் என்று விதிநூலில் எழுதியிருப்பவை வௌவால் எச்சமும் கந்தகமும். வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு அத்தகைய எச்சத்திலிருந்து கிடைக்கும் என்பதை அறிந்தவர்கள் செய்த குறும்பு அது. மின்னல் மந்திரத்துக்கு ஒரு துண்டு மிருக ரோமமும் ஒரு கண்ணாடிக் கோலும். பள்ளிக்கூடத்தில் தேய்த்துக் காட்டும் மின்சாரப் பாடமேதான்.

உங்களைப் போல அஞ்சியவர்கள் அமெரிக்காவிலும் இருந்தார்கள். 1980-களில் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் பிள்ளைகளைப் பேய் வழிபாட்டுக்கு இழுக்கிறதென்று அங்கே பெரிய கிளர்ச்சியே நடந்தது. 1989-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் பேய், பிசாசு என்ற பெயர்களையே எடுத்துவிடும் அளவுக்கு நிறுவனம் மிரண்டு போனது. மந்திரத்தின் பெயரால் உண்மையாகவே கெடுதி நடப்பது மேசையில் அல்ல. சூனியக்காரி என்று பட்டம் கட்டி ஒரு பெண்ணை ஊரே சேர்ந்து வதைக்கும் கொடுமை நம் நாட்டில் இன்றும் இருக்கிறது. கர்நாடகத்தில் சூனியம் போன்ற கொடும் பழக்கங்களைத் தடுக்க 2017-இல் சட்டம் இயற்றி, 2020-இல் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. பேரன் ஆடும் மேசையருகே ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலான நேரம் கூட்டல் கணக்குத்தான் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

நான் ஆட்டத்தை நடத்துபவன். என் மேசையில் மந்திரவாதி ஆடும் நண்பர் எதற்கெடுத்தாலும் எரித்துவிடுகிறார். அவரைத் தண்டிக்காமல், ஊரார் அவரைக் கண்டு அஞ்சுகிறார்கள் என்பதை எப்படி உணர்த்துவது?
— இந்திராநகர் வாசகர்

நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் மேசையில் இதே நிலை வந்தபோது, மந்திரவாதிகளை வேட்டையாடும் ஒரு படையை அனுப்பினேன். அவர்களையும் எரித்தார். அதற்கும் அனுபவப் புள்ளிகள் வாங்கிக்கொண்டு இன்னும் ஒரு லெவல் ஏறினார். அச்சத்தை வாளோடு அனுப்பினால் அது இன்னொரு சண்டையாகிவிடுகிறது. சண்டையில் பீரங்கிதான் வெல்லும்.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பாடம். அல்சூரில் ஒரு மாடி அறை, இரண்டு பை–டூ காபி, மேசை மேல் கட்டம் போட்ட தாள்; கோப்ளின் என்ற குட்டி அரக்கர்களுக்குப் புளியங்கொட்டை, கிராமத்தாருக்குச் சோழி. 1978-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆடிக்கொண்டிருந்தோம். பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள சுரங்கத்தில், நூறடி தள்ளி நின்ற புளியங்கொட்டைகளின் மேல் நண்பர் ஃபயர்பாலை எறிந்தார். பழைய விதியில் அந்த நெருப்பு இடத்துக்கு ஏற்ப விரியும். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 33,000 கன அடி. சுரங்கத்தின் குறுக்குப் பரப்பு நூறு சதுர அடி என்பதால், நெருப்பு மொத்தம் 330 அடி நீளத்துக்குப் பாய வேண்டும். பக்கத்துக்கு 165 அடி. வீரனாக ஆடும் தோழி கைபேசியில் வகுத்துப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார். நாங்கள் நின்றது நூறடியில். எதிர்ப் பக்கம் சுரங்கத்தின் வாய் திறந்ததோ, கிராமத்து நெற்களஞ்சியத்தில்.

நாங்கள் எப்படியோ பிழைத்தோம். களஞ்சியம் பிழைக்கவில்லை. மறுவாரம் நான் படை எதையும் அனுப்பவில்லை. மந்திரவாதி விளக்கெண்ணெய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். வணிகர் எழுந்து நின்று, கேட்டதைவிட ஒரு குப்பி கூடுதலாக வைத்து, காசு வேண்டாம் என்று கும்பிட்டார். செருப்புக் கடையில் அளவெடுக்காமலே இருப்பதில் நல்ல ஜோடியைக் கொடுத்தார்கள். காலைத் தொட யாருக்கும் துணிவில்லை. பூ விற்ற கிழவி, கூடையோடு நீட்டிவிட்டு, இன்னொரு கையால் பேத்தியைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். கல்லூரியில் பாடம் நடத்தும் அந்த நண்பர், பகடையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “அண்ணா, யாராவது ஒருத்தரையாவது என்கிட்ட காசு வாங்கச் சொல்லுங்க” என்றார்.

விதியாகவே வேண்டுமென்றால் இரண்டு உதாரணங்கள் பார்க்கலாம். 1991-இல் வந்த ‘டார்க் சன்’ உலகத்தில் மந்திரத்தின் ஆற்றல் சுற்றியுள்ள செடிகொடிகளின் உயிரிலிருந்து உறிஞ்சப்படுகிறது. பொறுமையற்றவர் மந்திரம் சொன்னால் மண் சாம்பலாகும், அங்கே பிறகு எதுவும் முளைக்காது. பாலைவனத்தில் பயிர் செய்து பிழைப்பவன் மந்திரவாதியை ஏன் வெறுக்கிறான் என்று ஆட்டக்காரருக்கு விளக்கவே வேண்டியதில்லை. 1993-இல் வந்த ‘மேஜ்: தி அசென்ஷன்’ வேறு வழியில் போகிறது: சாமானியர் கண்ணெதிரில் வெளிப்படையாக மாயம் செய்தால், உலகமே அதை மறுத்து மந்திரவாதியைத் திருப்பி அடிக்கும். ஊராரின் அவநம்பிக்கையே அங்கே ஒரு ஆயுதம். இரண்டில் எனக்கு முதலாவதே பிடிக்கும். இரண்டாவதில் மந்திரவாதி பாவம், ஊர் பொல்லாதது என்று எண்ணத் தோன்றிவிடுகிறது.

நாங்கள் ஐந்து பேர். ஐவருக்கும் மந்திரவாதியாகத்தான் ஆட வேண்டுமாம். வீரனாக ஆட ஒருவரும் இல்லை. என்ன செய்வது?
— பொறியியல் மாணவி, கே.ஆர். புரம்

உங்களுக்காகவே செய்தது போல ஒரு விளையாட்டு 1987-இல் வந்தது: ‘ஆர்ஸ் மாஜிகா’. ஜோனதன் ட்வீட்டும் மார்க் ரைன்-ஹாகனும் எழுதியது. களம் இடைக்கால ஐரோப்பா. ஐந்து வினைகளையும் பத்துப் பொருள்களையும் குறிக்கும் இலத்தீன் சொற்களை இணைத்து, ‘படை–நெருப்பு’, ‘அழி–உடல்’ என்பதுபோல வேண்டிய மந்திரத்தை அந்தந்த நேரத்தில் நீங்களே கட்டிக்கொள்ளலாம். மந்திரவாதிக்குப் பிறவியிலேயே ஒரு ‘கொடை’ உண்டு. அதன் பக்கவிளைவாக, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே மனிதர்களுக்கு அவர் மேல் காரணமில்லாத ஐயம் எழும், நாய் குரைக்கும், குதிரை மிரளும். சந்தைக்குப் போய் உப்பு வாங்கக்கூட வேறு யாரையாவது அனுப்ப வேண்டியிருக்கும்.

அந்த ‘வேறு யாராவது’தான் உங்கள் சிக்கலுக்கு வழி. ஒவ்வொருவரும் ஒரு மந்திரவாதியைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆனால் ஒரு வாரம் ஒருவரே தம் மந்திரவாதியை வெளியே எடுப்பார். மற்ற நால்வரும் அந்த வாரம் அவருடைய காவலாளி, சமையல்காரர், குதிரைக்காரர் என்று பணியாளர்களாக ஆட வேண்டும். இந்தப் பணியாளர்களை அங்கே ‘கிராக்’ என்பார்கள். அவர்களை நால்வரும் பொதுவில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி ஆடலாம். மூன்றாம் வாரத்துக்குள் மந்திரவாதியைவிடச் சமையல்காரருக்குத்தான் போட்டி வரும், பாருங்கள். வாங்க வேண்டியது பத்து முகப் பகடைகள் மட்டுமே.